ஒரு சொல்லை மாற்றினேன், நானூறு வரி மாறியது

மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் நாலைந்து பிள்ளைகள் மடிக்கணினியோடு வந்து இருப்பார்கள். வகுப்பு என்று சொல்ல முடியாது. தெரிந்ததைக் கதைப்போம், தேத்தண்ணீர் குடிப்போம், இருட்டுவதற்குள் அவர்கள் பஸ் பிடித்துவிடுவார்கள். வந்தாறுமூலைக் கம்பஸில் படிக்கிற பிள்ளை ஒருத்தி ஒருநாள் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"அண்ணா, ஒரு சொல்லுத்தான் மாத்தின நான். இஞ்ச பாருங்க, நானூத்திப் பன்னிரண்டு வரி மாறியிருக்கு எண்டு காட்டுது. எனக்கு விளங்கல்ல."

திறந்த மூலக் கருவி (நிரலை யாரும் பார்த்துத் திருத்தி அனுப்பக்கூடிய கருவி) ஒன்றின் உதவிப் பக்கத்தில் ஓர் எழுத்துப் பிழை. அதைத் திருத்தி அனுப்பத்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய முதல் பேட்ச். அந்த 412 எங்கிருந்து வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அது ஓர் இன்ஸ்டாலரில், அதாவது நிரலைக் கணினியில் நிறுவித் தரும் கோப்பில், போய் முடியும். அதற்கு முன்னர், பேட்ச் என்றால் என்ன, இன்ஸ்டாலர் எப்படி உருவாகிறது என்பதைப் பார்த்துவிடலாம். உதாரணத்துக்கு கிட்டை எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதினாலும், தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

கிட் ஒரு பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி. ஒரு கோப்பில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற முழு வரலாற்றையும் அது வைத்திருக்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருநிரலை எழுதுகிறவர்கள் அதுவரை பயன்படுத்தி வந்த பிட்கீப்பர் என்ற கருவி இலவசமாகக் கிடைக்காமல் போனதும், 2005 ஏப்ரலில் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தானே ஒன்றை எழுதத் தொடங்கினார். அதே மாதத்தில், அதே காரணத்துக்காக மெர்க்குரியல் என்ற இன்னொரு கருவியும் பிறந்தது. ஜூலையில் லினஸ் கிட்டை ஜூனியோ ஹமானோவிடம் கொடுத்தார். அன்றிலிருந்து பராமரிப்பாளர் அவர்தான்.

எங்கள் பக்கத்துக் கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது இலகுவாக விளங்கும். கூத்தின் மூல ஏடு அதைப் பழக்குகிற அண்ணாவியாரிடம் இருக்கும். சட்டம் கொடுக்கும் நாளில் ஆளாளுக்கு உரிய பாட்டையும் வசனத்தையும் தனித்தனியாக எழுதிக் கொடுப்பார்கள். தருமருக்கு தருமரின் பகுதி, துரோபதைக்கு அவளுடைய பகுதி. பழைய பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவிகள் இந்த மாதிரித்தான்: மூலமும் அதன் வரலாறும் ஓரிடத்தில், நம் கையில் வேலைக்கு ஒரு பிரதி. கிட்டில் அப்படி இல்லை. கிட் குளோன் என்று தட்டினால் முழு ஏடும் உங்கள் வீட்டுக்கு வந்துவிடும். இருபது வருடத்துக்கு முன் யார் எந்த அடியை வெட்டினார் என்பதும் சேர்ந்தே வரும். உங்கள் பிரதியில் நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம், யாரையும் கேட்கத் தேவையில்லை. ஆனால் அண்ணாவியாரின் ஏட்டில் அது ஏற வேண்டுமென்றால் அவர் ஓம் என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்கிற கடிதம்தான் பேட்ச்.

பேட்ச் என்றால் ஒட்டு. சைக்கிள் டியூப்புக்குப் போடுகிற ஒட்டு மாதிரியேதான். துளைநாடாவில் நிரல் எழுதிய காலத்தில், பிழையான துண்டை வெட்டி எடுத்துவிட்டுச் சரியான துண்டை உண்மையாகவே ஒட்டுவார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. இரண்டு கோப்புகளுக்கு இடையிலான வித்தியாசத்தைக் காட்டும் டிஃப் கருவி 1974இல் யூனிக்ஸோடு வந்தது. அந்த வித்தியாசத்தை வாங்கிப் பழைய கோப்பில் தானாகவே ஒட்டிவிடும் பேட்ச் என்ற நிரலை லாரி வால் 1985இல் எழுதினார். முழுக் கோப்பையும் அனுப்பாமல் மாற்றத்தை மட்டும் அனுப்பலாம் என்ற வழக்கம் அப்படித்தான் பரவியது.

ஒன்றைக் கிட்ட வைத்துப் பார்ப்போம்:

@@ -12,3 +12,3 @@
 நிறுவும் முன் பழைய பதிப்பை நீக்கவும்.
-பிறகு கணிணியை மறுதொடக்கம் செய்யவும்.
+பிறகு கணினியை மறுதொடக்கம் செய்யவும்.
 முடிந்ததும் பதிப்பு எண்ணைச் சரிபார்க்கவும்.

கழித்தல் குறி போட்ட வரி போகிறது, கூட்டல் குறி போட்ட வரி வருகிறது. குறியில்லாத வரிகள் சும்மா நிற்கின்றன. சும்மா என்று சொன்னாலும் அவைதான் அடையாளம். நீங்கள் திருத்திய பிறகு வேறொருவர் மேலே பத்து வரி சேர்த்திருந்தால் 12ஆம் வரி 22ஆம் வரியாகியிருக்கும். அப்போதும் அக்கம்பக்கத்து வரிகளைப் பார்த்து கிட் சரியான இடத்தைக் கண்டுபிடித்துவிடும். வழக்கமாக மேலும் கீழும் மூன்று வரிகள் இருக்கும். இங்கே இடத்தை மிச்சம்பிடிக்க ஒவ்வொன்று வைத்திருக்கிறேன். மேலே இருக்கும் எண்கள், பழைய கோப்பில் 12ஆம் வரியிலிருந்து மூன்று வரி, புதியதிலும் 12இலிருந்து மூன்று வரி என்று சொல்கின்றன. அவ்வளவுதான், இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. நானே ஒரு வருடம் இதைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

இந்த மாற்றத்துக்கு மேலே ஒரு செய்தி எழுத வேண்டும். புதிதாக வருகிறவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான். 'சில திருத்தங்கள்' என்று எழுதினால் வாசிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. என்ன மாறியது என்பதை டிஃப்பே காட்டுகிறது. ஏன் மாற்றினீர்கள் என்பதைத்தான் நீங்கள் சொல்ல வேண்டும். தலைப்பு வரி 50 எழுத்துக்குள் நின்றால் நல்லது. கிட் திட்டத்தில் இன்னொரு வழக்கம் உண்டு: 'நான் இதைத் திருத்தினேன்' என்று எழுதாமல், நிரலுக்குக் கட்டளை இடுகிற மாதிரி 'இதைத் திருத்து' என்று எழுதுவார்கள். முதலில் விசித்திரமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

கடைசியில் சைன்ட்-ஆஃப்-பை என்று தொடங்கி உங்கள் பெயரும் மின்னஞ்சலும் வரும் ஒரு வரி வேண்டும். கொமிட் செய்யும்போது, அதாவது மாற்றத்தை வரலாற்றில் பதியும்போது, '-எஸ்' என்று சேர்த்தால் கிட்டே அதைப் போட்டுவிடும். அது அலங்காரக் கையெழுத்து இல்லை. இந்த நிரலைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது, வேறெங்கோ வேலை செய்யும் இடத்திலிருந்து எடுத்து வந்ததில்லை என்று சொல்கிற உறுதிமொழி. லினக்ஸ் திட்டம் 2004இல் இந்த வழக்கத்தைத் தொடங்கியது, கிட்டும் அதையே பின்பற்றுகிறது.

பிறகு கிட் ஃபார்மட்-பேட்ச் என்பதோடு '-1' சேர்த்துத் தட்டினால், 0001 என்று தொடங்கும் பெயரில் ஒரு கோப்பு உருவாகும். அதைத் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது சாதாரண மின்னஞ்சல்தான்: அனுப்புநர், தேதி, பொருள், செய்தி, மூன்று கோடு, டிஃப். அந்த மூன்று கோட்டுக்குக் கீழே நீங்கள் எழுதும் குறிப்பு வரலாற்றில் ஏறாது. 'இது என் முதல் முயற்சி, இரண்டாவது பந்தியில் எனக்குச் சந்தேகம்' என்று பராமரிப்பாளரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ள வேண்டுமானால் அதுதான் இடம்.

ஒரு பேட்ச்சில் ஒரு விஷயம். இதை நான் பட்டுத்தான் படித்தேன். பெயர் வேண்டாம், ஒரு சிறிய கருவிக்கு நான் அனுப்பிய முதல் பேட்ச்சில் ஒரு பிழையைத் திருத்தி, பக்கத்தில் இருந்த வரிகளை அழகாக அடுக்கி, பிடிக்காத ஒரு மாறியின் பெயரையும் மாற்றியிருந்தேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது: 'முதலாவதை எடுத்துக்கொள்ளலாம். மற்ற இரண்டையும் ஏன் செய்தீர்கள்?' எனக்கே பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி குசினி அலுமாரியை மாற்றி அடுக்கினால் எப்படி இருக்கும்? அப்படி.

நீங்கள் பிழை என்று நினைப்பது உண்மையிலேயே பிழைதானா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். தமிழில் கோப்புக்குப் பெயர் வைத்துவிட்டு கிட் ஸ்டேட்டஸ் தட்டிப் பாருங்கள். 'அ' என்ற ஓர் எழுத்துக்குப் பதிலாக \340\256\205 என்று எண்கள் வரும். நம் எழுத்து ஒவ்வொரு குறியீட்டுக்கும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் பிடிக்கும். கிட் அந்த மூன்றையும் எட்டடிமான எண்ணாக அச்சிடுகிறது. தமிழை மதிக்காத கருவி என்று எனக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. ஆனால் அது பிழை இல்லை, வேண்டுமென்றே வைத்த அமைப்பு. கோர் டாட் கோட்பாத் என்ற அமைப்பை ஃபால்ஸ் என்று மாற்றினால் தமிழ் தமிழாகவே தெரியும். நல்ல காலம், பேட்ச் எழுதத் தொடங்குவதற்கு முன் கைநூலைப் புரட்டியிருந்தேன்.

அனுப்பிய பேட்ச்சை மற்றவர்கள் வாசிப்பார்கள், கேள்வி கேட்பார்கள். திருத்தி இரண்டாம் பதிப்பாக, வி2 என்று போட்டு அனுப்புவீர்கள். வி5, வி6 என்று போவதும் வழக்கம்தான். அது தோல்வி இல்லை. கிட் திட்டத்தில் பேட்ச்கள் முதலில் சீன் என்ற கிளைக்கு (ஒரே நிரலின் தனியாக ஓடும் ஒரு வரிசைக்கு) போகும், அதாவது 'பார்த்தேன்' என்பதற்கு மேல் அதில் உறுதி ஒன்றும் இல்லை. பிறகு நெக்ஸ்ட். அங்கே கொஞ்சக் காலம் சிக்கல் இல்லாமல் கிடந்தால் மாஸ்டர். கூத்துக்காரர்கள் சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து, அப்புறம்தான் அரங்கேற்றத்துக்குப் போவார்கள் இல்லையா, அந்த மாதிரி. நிரலைத் தொடுகிற பேட்ச் என்றால் சோதனையும் சேர்த்து அனுப்ப வேண்டும். கிட்டின் மூலத்தில் 't' என்ற ஓரெழுத்துக் கோப்புறை ஒன்று இருக்கிறது. அது முழுக்கச் சோதனைகள்தான்.

சரி, பேட்ச் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அது எப்படி ஒலுவிலில் இருக்கும் ஒரு மாணவனின் விண்டோஸ் கணினிக்குப் போய்ச் சேரும்?

மூல நிரல் என்பது நெல். வட்டையில் விளைந்து மூட்டையாக வந்திருக்கிறது, ஆனால் அப்படியே சாப்பிட முடியாது. சம்மாந்துறைப் பக்கத்து ஆலைகளில் குற்றி அரிசியாக்குகிற மாதிரி, சி மொழியில் எழுதிய மூலத்தைக் கம்பைலர் இயங்கும் நிரலாக்குகிறது. லினக்ஸ் கணினியில் இது பெரிய வேலை இல்லை. சி கம்பைலரும், இசட்லிப், கர்ள் போன்ற சில நூலகங்களும் இருந்தால் மேக் என்று ஒரு கட்டளை. தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிடும்.

விண்டோஸில் கதை வேறு. கிட் பிறந்தது லினக்ஸ்காரர் வீட்டில். அதனால் அதன் சில பகுதிகள் ஷெல், பெர்ல் என்ற மொழிகளில் எழுதப்பட்டவை. தொலைவில் இருக்கும் களஞ்சியத்தோடு, அதாவது கோப்புகளும் வரலாறும் இருக்கும் இடத்தோடு, பேச எஸ்எஸ்எச் என்ற இணைப்புக் கருவி வேண்டும். இவற்றில் பலதை விண்டோஸில் எதிர்பார்க்க முடியாது. அரிசியை மட்டும் கொடுத்தால் போதாது, பானையையும் அடுப்பையும் விறகையும் சேர்த்தே கொடுக்க வேண்டிய நிலைமை. அதைச் செய்கிறதுதான் கிட் ஃபார் விண்டோஸ் என்ற தனித் திட்டம். எம்சிஸ்2 என்ற சூழலிலிருந்து பாஷ் என்ற ஷெல், பெர்ல், எஸ்எஸ்எச் எல்லாவற்றையும் எடுத்து ஒரே பொதியாகக் கட்டுகிறார்கள். ஒரு சின்னக் கருவிக்கு 50 எம்பிக்கு மேல் ஏன் டவுன்லோட் செய்ய வேண்டும் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் இதுதான்.

அந்தப் பொதியை நாமும் கட்டிப் பார்க்கலாம். கிட் ஃபார் விண்டோஸ் எஸ்டிகே என்று ஒன்றை இறக்கிக்கொள்ள வேண்டும். பல கிகாபைட் பிடிக்கும், ஃபோன் டேட்டாவில் தொடங்க வேண்டாம். அதற்குள் கம்பைலரும் மற்றச் சாமான்களும் இருக்கும். முதலில் கிட்டைக் கட்டுவோம். பிறகு பில்ட்-எக்ஸ்ட்ரா என்ற களஞ்சியத்தில் இன்ஸ்டாலர் என்ற கோப்புறைக்குப் போனால் ரிலீஸ் டாட் எஸ்எச் என்று ஒரு ஷெல் நிரல் இருக்கும். அதை ஒரு பதிப்பு எண்ணோடு ஓட்டினால், எந்தெந்தக் கோப்பு பொதிக்குள் போக வேண்டும் என்று பட்டியல் எடுத்து, இன்னோ செட்டப் என்ற கருவியிடம் கொடுக்கும். நாம் விண்டோஸில் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அமுக்குகிற எத்தனையோ இன்ஸ்டாலர்களைச் செய்வது இந்த இன்னோ செட்டப்தான், 1997இலிருந்து இருக்கிறது. ஐஎஸ்எஸ் என்று முடியும் உரைக்கோப்பு ஒன்றை எழுதினால் போதும்: எந்தக் கோப்பு எங்கே போக வேண்டும், விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் என்ன எழுத வேண்டும், முடிந்த பிறகு எதை ஓட்ட வேண்டும். கம்பைலர் அதை வாசித்து ஒரே ஈஎக்ஸ்ஈ கோப்பாகத் தரும்.

அந்தக் கோப்பை நண்பருக்குக் கொடுத்தால், 'விண்டோஸ் உங்கள் கணினியைப் பாதுகாத்தது' என்ற அர்த்தத்தில் ஒரு நீலப் பெட்டி வரக்கூடும். நீங்கள் கட்டிய பொதியில் மின்னணுக் கையொப்பம் இல்லை என்பதால் வருவது அது. கையொப்பச் சான்றிதழுக்குக் காசு கட்ட வேண்டும், பழகிப் பார்க்கிறவர்களுக்கு அது தேவையும் இல்லை. ஆனால் இங்கே இன்ஸ்டாலர்கள் பெரும்பாலும் பென்டிரைவில்தான் கைமாறுகின்றன. ஆகவே ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள்: வெளியீட்டுப் பக்கத்தில் எஸ்எச்ஏ-256 என்று, கோப்பின் கைரேகை மாதிரி, 64 எழுத்து நீளத்தில் ஒரு கோவை கொடுத்திருந்தால், உங்கள் கையில் இருக்கும் கோப்புக்கும் அதே கோவை வருகிறதா என்று பாருங்கள். விண்டோஸிலேயே செர்ட்யூடில் என்ற கட்டளை அதைக் கணித்துக் கொடுக்கும். ஓர் எழுத்து வித்தியாசம் என்றாலும் அந்தக் கோப்பைத் தொட வேண்டாம்.

கம்பஸ் கணினி அறைகளில் அட்மின் கடவுச்சொல் இல்லாமல் தடுமாறுகிறவர்களுக்கு போர்ட்டபிள் கிட் என்று ஒரு வகையும் உண்டு. விரித்து வைத்தாலே ஓடும்.

இன்ஸ்டாலர் என்றால் கோப்புகளை நகலெடுத்து வைக்கிற பெட்டி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கிட் ஃபார் விண்டோஸ் இன்ஸ்டாலரை ஒருமுறை நிதானமாக வாசித்துக்கொண்டு போங்கள். எந்த எடிட்டர் வேண்டும்? பாத்தில் (விண்டோஸ் கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலில்) எவ்வளவு சேர்க்க வேண்டும்? முதல் கிளைக்கு என்ன பெயர்? ஒவ்வொரு பக்கமும் ஒரு தீர்மானம். கேள்வி விளங்காதவர் எதை அப்படியே விட்டுவிட்டுப் போனாலும் பாதிப்பு வராத மாதிரி முதல் தெரிவை வைக்க வேண்டியது பொதி கட்டுகிறவரின் வேலை. அது நிரல் எழுதுவதைவிடக் கஷ்டமான வேலை என்பது என் எண்ணம். அந்தப் பக்கங்களில் ஒன்று, வரி எங்கே முடிகிறது என்பதைப் பற்றியது.

பழைய தந்தித் தட்டச்சுப் பொறியில் அடுத்த வரிக்குப் போக இரண்டு வேலை நடக்க வேண்டும். வண்டி இடப்பக்கம் திரும்ப வேண்டும், தாள் ஒரு வரி ஏற வேண்டும். முதலாவதுக்கு சீஆர் என்று ஒரு குறி, இரண்டாவதுக்கு எல்எஃப். (பள்ளிக்கூடத்துச் சீஆர் கொப்பிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழியாக வந்த விண்டோஸ் இரண்டையும் வைத்துக்கொண்டது. யூனிக்ஸும் லினக்ஸும் எல்எஃப் ஒன்று போதும் என்று விட்டன. திரையில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். கிட்டுக்கு மட்டும் தெரியும், ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குப் படாத ஓர் எழுத்து கூடியிருக்கிறது என்று.

அந்தப் பிள்ளை செய்தது இதுதான். உதவிப் பக்கத்தை முழுதாக நகலெடுத்து, எடிட்டரில் புதுக் கோப்பொன்றில் ஒட்டி, சொல்லைத் திருத்தி, பழைய பெயரிலேயே சேமித்திருந்தாள். விண்டோஸில் திறந்த புதுக் கோப்பு என்பதால் வரிக்கு வரி சீஆர் சேர்ந்துவிட்டது. கோப்பில் 412 வரி. 412உம் மாறியதாக கிட் சொன்னது பொய் இல்லை. டிஃப்பை உற்றுப் பார்த்தால் கூட்டல் வரிகளின் கடைசியில் எல்லாம் கூரைக் குறியும் ஆங்கில எம் எழுத்தும் (^M) ஒட்டிக்கொண்டிருந்தன. சீஆர் தலைகாட்டினால் இந்த வேடத்தில்தான் தலைகாட்டும்.

"கிட் போடக்குள்ள வரி முடிவு எண்டு ஒரு பக்கம் வந்திருக்கும். அதில என்னத்தை அமத்தின நீ?"

"மூணாவது. மச்சான் சொன்னவர், அதுதான் ஒண்டையும் மாத்தாதாம், பயமில்லையாம்."

மச்சான் சொன்னது ஒருவகையில் சரிதான். மூன்றாவது தெரிவு எதையும் மாற்றாது. சீஆரையும் மாற்றாமல் அப்படியே உள்ளே விட்டுவிடும். முதல் தெரிவை அப்படியே விட்டிருந்தால் வேலை செய்யும்போது விண்டோஸ் முறை, கொமிட் செய்யும்போது யூனிக்ஸ் முறை என்று கிட்டே மாற்றிக்கொண்டிருக்கும். இதற்காக கிட்டைக் கழற்றி மறுபடி போடத் தேவையில்லை. கோர் டாட் ஆட்டோசிஆர்எல்எஃப் என்ற அமைப்பை ட்ரூ என்று வைத்தாலே அந்த முதல் தெரிவுதான். நல்ல திட்டங்கள் ஆளுக்கு ஆள் என்ன தெரிவு செய்தார்கள் என்பதை நம்பியிருக்காமல், கிட்ஆட்ரிப்யூட்ஸ் என்ற கோப்பைக் களஞ்சியத்துக்குள்ளேயே வைத்து இதைத் தீர்மானித்துவிடும். அவள் எடுத்த களஞ்சியத்தில் அது இல்லை.

அமைப்பை மாற்றிவிட்டு கிட் டிஃப் தட்டினாள். ஒரு கழித்தல், ஒரு கூட்டல். '-எஸ்' போட்டுக் கொமிட் செய்தாள். பேட்ச் கோப்பை எடுத்து இரண்டு தரம் வாசித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, பென்டிரைவில் இருந்த இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டி, அந்த வரி முடிவுப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"அண்ணா, இதில எழுதியிருக்கிறத வாசிச்சா ஆருக்கு விளங்கும்? இந்த வசனம் எங்க இருக்கு?"

பில்ட்-எக்ஸ்ட்ராவில் இன்ஸ்டால் டாட் ஐஎஸ்எஸ் என்ற கோப்பைத் திறந்து தேடினோம். அந்தப் பக்கத்தின் தலைப்பும் மூன்று விளக்கங்களும் சாதாரண எழுத்தாக அங்கேயே கிடந்தன. அவள் பையிலிருந்து கொப்பியை எடுத்து வரி எண்ணைக் குறித்துக்கொண்டாள்.